கறுப்புத் திரையில் ஓடிய ரயில்

போன மே மாதம் அக்கா மகன் விடுமுறைக்குப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். நான் கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள். டெர்மினல் என்பார்கள், கணினிக்குக் கமாண்டை, அதாவது கட்டளையை, எழுத்தாக அடித்துக் கொடுக்கும் திரை.

"சித்தி, இது ஹேக்கிங்கா?"

"இல்லடா. எந்த ஃபோல்டர்ல என்ன ஃபைல் இருக்குன்னு பாக்குறேன். நீயே அடிச்சுப் பாரு. எல், எஸ். அப்புறம் என்டர்."

எழுத்துகள் இடம் மாறிப்போயின. எஸ், எல் என்று அடித்து என்டரைத் தட்டினான். திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு நீராவி ரயில் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. கோடுகளும் அடைப்புக்குறிகளும் சேர்ந்து செய்த எஞ்சின். சக்கரத்தின் தண்டு மேலும் கீழும் அசைய, இடது ஓரம் வரை ஓடி மறைந்தது. அவன் கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டார்.

அந்த ரயிலை எழுதியவர் ஜப்பான்காரரான டொயோடா மசாஷி. 1993இல் எழுதினார். எல்எஸ் என்பதை அவசரத்தில் எஸ்எல் என்று மாற்றி அடிப்பது எல்லோருக்கும் நடப்பது. ஜப்பானில் நீராவி எஞ்சினை 'எஸ்எல்' என்றே சொல்வார்கள். தவறாக அடித்தால் 'அப்படி ஒரு கமாண்ட் இல்லை' என்று இயந்திரம் முறைப்பதற்குப் பதில், நீ கேட்ட எஸ்எல் இதோ என்று அனுப்பி வைக்கிறது. திரையில் ஓடுவதும் ஏதோ ஒரு ரயில் அல்ல. ஜப்பானில் 1936 முதல் கட்டப்பட்ட டி51 வகை எஞ்சினின் உருவம். கன்ட்ரோல் சி அழுத்தினாலும் நிற்காது. ரயில் போகும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும். மைனஸ் போட்டு சின்ன ஏ சேர்த்தால் ரயிலில் இருப்பவர்கள் உதவி கேட்டுக் கத்துவார்கள். பெரிய எஃப் சேர்த்தால் ரயில் பறக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி ரயிலில் போயிருக்கிறான் என்பதால், "அந்த ரயில் மாதிரியே சித்தி" என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

என் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் இந்தக் கறுப்புத் திரை தற்செயலாகத் திறந்துகொண்டால், "அதைத் தொடாதே, மூடிவிடு" என்றுதான் சொல்வார்கள். மூன்று ஆண்டுகள் தொடாமலே இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பக்கத்து இருக்கை அண்ணன் ஒருவர் இதே ரயிலை என் கணினியில் போட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்துச் சிரித்த நாளில்தான் டெர்மினல் மீதிருந்த பயம் போனது. அதனால் பையனிடம் பாடம் எதுவும் எடுக்கக் கூடாது, விளையாட்டாகவே காட்டுவோம் என்று முடிவு செய்தேன். இரண்டாம் நாள் அப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

இதில் விளையாட்டு பின்னால் ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் ஒரு விண்வெளி விளையாட்டு எழுதினார். கிரகங்களுக்கு நடுவே கப்பலை ஓட்டிக்கொண்டுபோய் இறக்க வேண்டும். அங்கிருந்த பெரிய கணினியில் ஒரு முறை ஆடினால் சுமார் 75 டாலர் செலவானது. ஒரு மூலையில் பெரிதாக யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பிடிபி-7 என்ற சிறிய கணினிக்கு அதை மாற்றினார். அப்படி அந்தக் கணினியோடு பழகியதிலிருந்துதான், அதே கணினியில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்தது. இந்தக் கமாண்டுகள் ஓடும் லினக்ஸ் அந்த யூனிக்ஸின் வழியில் வந்தது. விளையாடிக்கொண்டே கற்றுக்கொள்வது யூனிக்ஸ் வீட்டுக்குப் பழைய வழக்கம்.

அடுத்த நாள் பசு வந்தது. கவ்சே என்ற கமாண்டுக்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், எழுத்துகளால் வரைந்த பசு ஒன்று அதைப் பேச்சுக் குமிழியில் சொல்லும். டோனி மன்ரோ பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதியது. பசு மட்டுமில்லை, மைனஸ் எஃப் போட்டு டக்ஸ் என்றால் பென்குவின் பேசும். ஃபார்ச்சூன் இன்னும் பழையது. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. கூப்பிடும்போதெல்லாம் தன் கிடங்கிலிருந்து ஒரு வாசகத்தை உருவிக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால், ஃபார்ச்சூன் சொன்னதைப் பசு சொல்லும். இன்னொரு கோடு போட்டு லோல்கேட் சேர்த்தால் பசு வானவில் நிறத்தில் நிற்கும்.

அந்தச் செங்குத்துக் கோடுதான் பைப். ஒரு புரோகிராமின் வாயிலிருந்து வருவதை அடுத்ததன் காதில் ஊற்றும் குழாய். தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவதுபோலப் புரோகிராம்களை மாட்ட வேண்டும் என்று அதே பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதிவைத்தார். 1973இல் கென் தாம்ப்சன் ஒரே இரவில் அதைச் செய்து முடித்தார். நான் பைப்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்தபோது எதுவும் மனதில் நிற்கவில்லை. பையனுக்குப் பசு பேசிய ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. "அப்போ எதையும் எதோடையும் மாட்டலாமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி வந்தால் போதும், மீதியைத் தானே தேடிக்கொள்வான்.

அன்று சாயங்காலம் பசுவைத் தமிழில் பேசவைக்கப் பார்த்தான். பசு பேசியது. ஆனால் குமிழியின் வலப்பக்கக் கோடு நேராக நிற்காமல் கோணிக்கொண்டு போனது. ஆங்கிலத்தில் அழகாக நிற்கும் கட்டம் தமிழில் ஏன் கோணுகிறது?

இதைச் சொல்லிப் புரியவைக்க வேறு ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. டபிள்யூசி என்றொரு கமாண்ட் எழுத்துகளை எண்ணிச் சொல்லும். "அம்மாங்கிற சொல்லுல எத்தனை எழுத்து?" என்றேன். அ, ம், மா. மூன்று என்றான். கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் எக்கோ என்ற கமாண்டில் அம்மாவை எழுதி, பைப் போட்டு, டபிள்யூசி மைனஸ் எம் என்று அடித்தோம். ஆறு என்றது. சொல்லின் முடிவில் எக்கோ ஒரு வரிமுறிப்பைச் சேர்க்கிறது, அதையும் எழுத்தாக எண்ணுகிறது என்று காட்டினேன். அதை நீக்கினால் ஐந்து. மைனஸ் எம் போட்ட இடத்தில் மைனஸ் சி போட்டால் பதினைந்து!

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது அப்போதுதான். "அம்மாவுக்கு எப்படி அஞ்செழுத்து வரும்?"

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் மெய்யெழுத்து ஒரே குறியாக இல்லை. அகரமேறிய 'ம' ஒன்று, அதன் மேல் புள்ளி இன்னொன்று. மா என்பதும் 'ம' ஒன்று, துணைக்கால் ஒன்று. ஆக அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. அந்தக் குறிகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மைனஸ் சி எண்ணுவது அந்தப் பைட்டுகளை, அதனால் பதினைந்து. அந்த யூடிஎஃப்-8ஐ 1992இல் ராப் பைக்கோடு சேர்ந்து வகுத்தவரும் அதே கென் தாம்ப்சன்தான். நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதிப் பார்த்தார்கள். தமிழில் இன்று நாம் இணையத்தில் எழுதுவது எல்லாம் அந்தத் தாளின் வழியாக வருகிறது. டெர்மினலோ திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு குறி என்று நினைத்து வளர்ந்தது. பசு எண்ணும் கணக்கு ஒன்று, திரையில் எழுத்து பிடிக்கும் இடம் வேறொன்று. கோடு கோணுவது அதனால்.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளியைத் தனியாப் பிரிச்சது ஒரு வகையில சரிதான். தொல்காப்பியத்துலயே மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்" என்றார். எனக்கு அது தோன்றியிருக்காது.

ரெவ் என்ற கமாண்டைக் காட்டினேன். கொடுத்த வரியைப் பின்னாலிருந்து முன்னாக எழுதும். எந்தத் தமிழரும் முதலில் எதைக் கொடுப்பாரோ அதையே பையன் கொடுத்தான்: விகடகவி. திரும்பி வந்ததில் முதலில் ஒரு மேல்விலங்கு ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் நின்றது. பிறகு வ, க, ட. அடுத்து கி. கடைசியில் ஒரு வெறும் வ. இரண்டு பக்கமும் ஒன்றாக வாசிக்கப்படும் சொல் என்று தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த சொல்லை இந்த இயந்திரம் குலைத்துவிட்டது. காரணம் இப்போது அவனுக்கே தெரியும். அது எழுத்தைத் திருப்பவில்லை, குறிகளைத் திருப்பியது.

"சரி பண்ண முடியாதா?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல எனக்கு ஒரு சந்தோஷம்.

முடியும், அதுவும் ஏற்கெனவே இருக்கும் சின்னச் சின்னக் கமாண்டுகளை மாட்டியே. கிரெப் என்பது வரிகளில் தேடும் கமாண்ட். அதற்கு மைனஸ் சின்ன ஓ, பெரிய பி என்று சொல்லி, தேட வேண்டியதாகப் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் கொடுத்தால், உயிர்க்குறியையும் புள்ளியையும் தன் எழுத்தோடு சேர்த்து முழு எழுத்தாகப் பிடித்து வரிக்கு ஒன்றாகக் கொடுக்கும். வி, க, ட, க, வி என்று ஐந்து வரி. அடுத்து டேக். ஃபைலை மேலிருந்து கீழாகக் காட்டும் கேட் என்ற கமாண்டின் பெயரையே திருப்பிப் போட்டது அது, வரிகளைக் கீழிருந்து மேலாகக் கொடுக்கும். கடைசியில் டிஆர், வரிமுறிப்புகளை நீக்கி ஒரே வரியாக்கும். மூன்று குழாய். என்டர் தட்டினோம். விகடகவி. 'தேரு வருதே' கொடுத்தோம், இடைவெளி மட்டும் இடம் மாறி அப்படியே திரும்பியது. பையன் தன் பெயரைக் கொடுத்துத் திருப்பிப் பார்த்து அன்று முழுக்க அந்தப் பெயரால்தான் கூப்பிட வேண்டும் என்றான்.

அப்பா எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் தேவாரம். சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகம், கடைசியிலிருந்து திருப்பி வாசித்தாலும் மாறாத பாட்டுகள், மூன்றாம் திருமுறையில் இருப்பது. 'யாமாமா நீ யாமாமா' என்று தொடங்கும் பாட்டு. அதன் முதலடியை அவர் சொல்லச் சொல்ல நான் இடைவெளி விடாமல் அடித்தேன். மூன்று குழாய்களையும் மாட்டி என்டர் தட்டினேன். திரையில் வந்தது 'காணாகாமா' என்று தொடங்கி 'மாமாயா' என்று முடிந்தது. அப்பா புத்தகத்தில் விரலை வைத்து ஓரெழுத்து விடாமல் ஒப்பிட்டார். பதிகத்தின் இரண்டாமடி அது. ஏழாம் நூற்றாண்டில் பாடியதை எந்தக் கலப்பும் இல்லாமல் அந்தக் கறுப்புத் திரை திருப்பிச் சொல்லிவிட்டது. பதிகத்தின் மற்றப் பாட்டுகளையும் போட்டுப் பார்த்தோம். இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத்தான்.

அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கேள்விகள் ஊறத் தொடங்கிவிட்டன. ஃபேக்டர் என்ற கமாண்ட் எண்ணைப் பகாக்காரணிகளாகப் பிரிக்கும். தமிழெழுத்து 247ஐக் கொடுத்தார்: 13, 19. குறள் 1330ஐக் கொடுத்தார்: 2, 5, 7, 19. இரண்டிலும் 19 வந்ததில் அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. நிலாவின் வளர்பிறை தேய்பிறையைச் சொல்லும் போம் என்ற பழைய கமாண்டைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரோடு சரிபார்த்தார். பையனுக்கு எழுத்துகளால் ஆன மீன்கள் நீந்தும் அஸ்கிக்வேரியம் போதும், சுறா வரும்வரை கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருப்பான். பாத்திரம் யார் கழுவுவது என்பதை ஷஃப் முடிவு செய்தது. வீட்டிலுள்ள எல்லோர் பெயரையும் வரிக்கு ஒன்றாக எழுதிவைத்தால் அது குலுக்கி ஒன்றை எடுக்கும்.

கேல் என்ற நாட்காட்டிக் கமாண்டை மட்டும் அப்படிக் கடந்துபோக மனமில்லை. கேல், ஒன்பது, 1752 என்று அடித்துப் பாருங்கள். செப்டம்பர் 2ஆம் தேதிக்கு அடுத்து 14 வரும். நடுவில் பதினொரு நாள் கிடையாது. பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிய மாதம் அது. புதன்கிழமை இரண்டு, வியாழக்கிழமை பதினான்கு. பிரான்ஸ் 1582லேயே மாறிவிட்டது. இது நம் கடற்கரைக்கும் வந்து சேர்ந்த சங்கதி. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்களே, அந்த நாள் ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. கோட்டையைக் கொடுத்தவனுக்கு ஒரு தேதி, வாங்கியவனுக்கு வேறொரு தேதி. பையனின் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது, இந்தக் குட்டி நாட்காட்டியின் ஓட்டை வழியாக ஒரு கதையாக வெளியே வந்தது.

ஒன்றை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வேடிக்கைக்கு அடித்துப் பார் என்று யாராவது அனுப்பும் எல்லாவற்றையும் அடிக்கக் கூடாது. முக்காற்புள்ளியும் அடைப்புக்குறிகளுமாகப் பொம்மைபோல் ஒரு சின்ன வரி சுற்றுகிறது. அது தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டே போய்க் கணினியை உறையவைத்துவிடும். ஃபைல்களை அழிக்கும் ஆர்எம் கமாண்டை விளையாட்டென்று கொடுப்பவர்களும் உண்டு. புரியாத வரியாக இருந்தால் மேன் என்று அடித்து அந்தக் கமாண்டின் கையேட்டைப் படி, பிறகு தொடு. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

விடுமுறையின் கடைசி வாரம் முழுக்க ஒரே வேலை. ஃபார்ச்சூன் ஆங்கில வாசகங்களையே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமா? அதற்கு நம் ஃபைலையும் கொடுக்கலாம். ஒரு வாசகம், அடுத்த வரியில் தனியாக ஒரு சதவீதக் குறி, மறுபடி வாசகம். எல்லாம் எழுதி முடித்ததும் ஸ்ட்ர்ஃபைல் என்ற கமாண்ட் அதற்கு ஓர் அட்டவணை செய்துவிடும். திருக்குறள் முழுவதையும் போட முடிவு செய்தோம். நான் பகுதி பகுதியாக ஒட்டிச் சேர்த்தேன். குறளுக்கு இரண்டு வரி, குறிக்கு ஒரு வரி, ஆக மொத்தம் 3990 வரி இருக்க வேண்டும். டபிள்யூசி மைனஸ் எல் போட்டால் 3987. மூன்று வரி குறைகிறது, அதாவது ஏதோ ஒரு குறளை விட்டுவிட்டேன்.

1330இல் எதை என்று தேடுவது? ஆக் என்ற கமாண்டிடம் ஒவ்வொரு முப்பது வரியிலும் முதல் வரியை மட்டும் கேட்டேன். ஓர் அதிகாரத்துக்குப் பத்துக் குறள், முப்பது வரி. ஃபைல் சரியாக இருந்தால் ஒவ்வோர் அதிகாரத்தின் முதல் குறளும் வரிசையாக வரவேண்டும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டே வந்தார். அகர முதல, வானின்று உலகம் என்று எல்லாம் சரியாக வந்தது. எழுபத்தெட்டு தாண்டியதும் நிறுத்தினார். "நட்பு அதிகாரம் நிறைநீர நீரவர்னு தொடங்காது. செயற்கரிய யாவுளதான் முதல்." அப்படியானால் விடுபட்டது, முந்தைய படைச்செருக்கு அதிகாரத்தின் இரண்டாம் குறள் முதல் இந்தச் செயற்கரிய வரை உள்ள பத்தில் ஒன்று. அந்தப் பத்துக் குறளை ஒப்பிட்டால் போதும், இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. சேர்த்தோம். 3990.

இப்போது வீட்டுக் கணினியில் டெர்மினலைத் திறந்தாலே ஒரு குறள் வருகிறது. டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பேஷ்ஆர்சி என்ற ஃபைலின் கடைசியில் ஃபார்ச்சூனின் வரியைப் பையன் சேர்த்தான். அவனாகவே எழுதிய முதல் வரி அது.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலை அவன் இன்னொன்றையும் மாட்டியிருந்தான். ஈஸ்பீக் என்ற கமாண்ட் எழுத்தைக் குரலாக்கும், தமிழும் பேசும். குறளை பைப் வழியாக அதற்குள் ஊற்றிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டான். இயந்திரக் குரல் குறளை ஒரே மூச்சில் படபடவென்று ஒப்பித்தது. அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். "ழகரம் தேயுது. சீர் பிரிச்சுப் படிக்கலை. வேகம் ரொம்ப ஜாஸ்தி" என்றார்.

வேகத்துக்கு ஓர் எண் உண்டு, சும்மா விட்டால் 175. அவன் கையேட்டைத் திறந்து மைனஸ் எஸ் என்பதைத் தேடிக் கண்டுபிடித்தான். நூறு என்று போட்டான். குரல் நிதானமாக இன்னொரு குறளைச் சொன்னது.

"இன்னும் கொஞ்சம் குறை" என்றார் அப்பா.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா வாசலிலிருந்து கூப்பிட்டாள். அவன் தொண்ணூறு போட்டுக்கொண்டிருந்தான்.